நவம்பர் ஒன்பது

தேதி கொடுப்பது என் வேலை.
"அடுத்த மாதம்" என்பார் நீதிபதி.
அந்த மாதத்தில் எந்த நாள் என்பது
என் பேனாவின் பாடு.
தாராபுரம் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம்
பெஞ்சு கிளார்க்காக உட்கார்ந்தவன் சொல்கிறேன்,
காலி நாள் என்று ஒன்று கிடையாது.

இந்த ஒன்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொளிஞ்சிவாடி வழியில்
டிரைவர் பீடி பற்றவைக்கக் குனிந்தார்.
புளியமரம் குறுக்கே வந்துவிட்டது
என்று சாட்சி சொன்னார் கண்டக்டர்.
மரம் குறுக்கே வந்தது. அப்படியே தட்டச்சு செய்தேன்.
பதினோரு பேர்.
ஒரு கூடைக் கோழிக்குஞ்சு மட்டும்
கீச்சுக் கீச்சென்று கிடந்ததாம், ஒரு சிராய்ப்பும் இல்லாமல்.
அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்குத்
தனியாக ஒரு மனு வந்தது.

மூலனூரில் ஒரு கிணறு.
அண்ணன் முறையில் தம்பி மோட்டார் போட்டான்,
ஒரு மணி நேரத் தண்ணீர்.
அண்ணன் கையில் கடப்பாரை இருந்தது.
ஆறு வருஷம் கழித்து
அதே நவம்பர் ஒன்பதில் ஆயுள் தண்டனை.
அதற்குள் கிணறு வற்றிப்போயிருந்தது.

தீபாவளிச் சீட்டு நடத்திய கண்ணம்மணி
வீட்டைப் பூட்டிப் போனதும் ஒரு ஒன்பதில்தான்.
நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள்,
ஆளுக்கொரு சிவப்பு அட்டை.
எண்ணி, துளையிட்டு, நூலில் கோத்தேன்.
அட்டைச் சாயம் விரலில் ஒட்டியது,
சோறு பிசையும்போதும்.

பிறகு,
காங்கயம் ரோட்டு எண்ணெய் மில்.
கழிவுத் தொட்டியில் முதலில் இறங்கியவன் நாகான்.
அவனைத் தூக்க இறங்கியவன் அவன் மச்சினன்.
இருவரையும் தூக்க இறங்கியவன்
அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த வடநாட்டுப் பையன்.
குற்றப்பத்திரிகையில் அவன் பெயர்
மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது.
எதைக் கூப்பிட்டாலும்
வராண்டாவில் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

தீர்ப்புக்கு நாள் குறிக்கும்போது
நாகான் மனைவி பூவாத்தாள் மேசையருகே வந்தாள்.
"ஏனுங் சார், ஒம்பது மட்டும் வேண்டாங்க.
அன்னிக்குத்தானுங்க அவிய போனது."
மில்லுக்காரர் சென்னியப்பனின் வக்கீலும் எழுந்தார்.
கட்சிக்காரர் மகளுக்கு ஒன்பதாம் தேதி கல்யாணம்,
காலையில் இணைச்சீர், ஆகவே ஒன்பது வேண்டாம்.
பதினோரு வருஷ வழக்கில்
இரு தரப்பும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

நீதிபதிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது.
பத்தாம் தேதி அவர் தேனியில் இருக்கவேண்டும்.
எட்டாம் தேதி ஞாயிறு.
டைரியில் ஒன்பது என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணிற்று, அவ்வளவுதான்.

சென்னியப்பன் பட்டு வேட்டியோடு வந்தார்,
மணிக்கட்டில் சந்தனம் காயவில்லை.
பூவாத்தாள் பையில் ஒரு வாழையிலைச் சுருள்,
ஒரு கட்டு பீடி.
விடியுமுன்னே படைத்துவிட்டு
முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள்.

தொட்டிக்குள் இறங்கச் சொன்னவர் யார் என்பது
ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை.
ஒரே ஒரு வாக்கியம்.
சொன்னவரும் இல்லை என்றால்
மூன்று பேரும் தாங்களாகவே,
ஒருவர்பின் ஒருவராக,
அந்த நாற்றத்துக்குள் நடந்துபோயிருக்கிறார்கள்.

கோர்ட்டுச் சுவரில் காலண்டர் மாட்ட ஒரே ஆணி.
வருஷா வருஷம் யாராவது ஒருவர் கொடுப்பது தொங்கும்.
அந்த வருஷம் தொங்கியது அந்த மில்லினுடையது,
மேலே லட்சுமி, கீழே எண்ணெய் டின்.
ஜனவரியிலேயே பார்த்தேன்.
யாரும் கழற்றவில்லை.
நானும்தான்.

"காப்பி எப்பங் கிடைக்கும்?" என்றாள்.
மனு எண்ணைக் குறித்துக்கொடுக்கக் காகிதம் தேடி,
சட்டென்று அன்றைய தாளைக் கிழித்துப்
பின்பக்கம் எழுதி நீட்டினேன்.
அவள் எண்ணைப் பார்க்கவில்லை.
திருப்பி முன்பக்கம் பார்த்தாள்.
சுபமுகூர்த்தம், சூலம் கிழக்கு,
கொட்டை எழுத்தில் ஒன்பது.

"இது எதுக்குங் எனக்கு,
எங்கிட்ட இருக்குதுங்களே" என்று
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வழக்கு எண்ணைக் கூப்பிட்டேன்.
அந்தத் தாள்
இன்னும் என் டைரிக்குள்தான் இருக்கிறது.
யாராவது நவம்பரில் தேதி கேட்டால்
அந்தப் பக்கத்தில்தான் வந்து திறக்கிறது.